புகைபோக்கி வழியே போகும் எரிபொருள்

ஏதாவது ஒரு நடுத்தர ஆலையின் பாய்லர் அறைக்குப் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். பல இடங்களில் சுவரை ஒட்டி ஒரு சாக்கடை ஓடும். அதில் கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் ஆவி பறக்க விழுந்துகொண்டிருக்கும். பார்ப்பவர் ஏதோ கழிவு நீர் என்று நினைத்துக் கடந்துபோவார். உண்மையில் அது ஆலைக்குள் போன நீராவி தன் வேலையை முடித்துவிட்டு மறுபடி தண்ணீரானது. ஆலைக்காரர்கள் அதைக் கண்டன்சேட் என்பார்கள். உப்போ சுண்ணாம்போ இல்லாத சுத்தமான நீர், 90 டிகிரி செல்சியஸ் சூடு. அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, இந்தப் பக்கம் 30 டிகிரியில் இருக்கும் பச்சைத் தண்ணீரை பாய்லருக்கு ஊட்டிக்கொண்டிருப்பார்கள்.

பாய்லருக்குள் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சமாகும். பாய்லர் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது. 30க்கும் 90க்கும் நடுவே பத்து முறை ஆறு டிகிரி இருக்கிறது. கண்டன்சேட் முழுவதையும் திருப்பிக் கொண்டுவர முடிகிற ஆலையில், எரிபொருளில் பத்தில் ஒரு பங்கு அந்தச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது தலையை நிமிர்த்திப் புகைபோக்கியைப் பாருங்கள். அதில் ஒரு வெப்பமானியைச் செருகினால் 240 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். புகையின் சூட்டை 20 டிகிரி சொச்சம் குறைத்தால் 1 சதவீத எரிபொருள் மிச்சம் என்பது இன்னொரு கைக்கணக்கு. 140 டிகிரிக்கு இறக்கினால் கிட்டத்தட்ட 5 சதவீதம். மணிக்கு 500 கிலோ எண்ணெய் எரிக்கும் பாய்லர் என்றால் மணிக்கு 25 கிலோ. ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 200 டன். இத்தனைக்கும் பாய்லர் என்பது வெப்பத்தை ஓரளவு ஒழுங்காகப் பயன்படுத்தும் கருவி. உலைகளும் சூளைகளும் இதைவிடப் பல மடங்கு வீணாக்குபவை.

2008இல் அமெரிக்க எரிசக்தித் துறைக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, தொழில்துறைக்குள் போகும் ஆற்றலில் 20 முதல் 50 சதவீதம் வரை வெப்பமாகவே வெளியேறிவிடுகிறது என்று மதிப்பிட்டது. புகையாக, குளிர்விக்கும் நீராக, சூளைச் சுவரின் அனலாக, சூடு ஆறாமல் வெளியே வரும் பொருளாக, நாலா பக்கமும் போகிறது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: மீட்கப்படாமல் போகும் வெப்பத்தில் சுமார் 60 சதவீதம் 230 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. முதல் எண்ணைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியமாகப் படுகிறது. கழிவு வெப்பம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதுதான் அதை என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

அளவும் சூடும்

ஒரு பெரிய தொட்டி நிறைய வெதுவெதுப்பான நீர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு குவளை கொதிநீர். மொத்த வெப்பத்தைக் கணக்கிட்டால் தொட்டியில்தான் அதிகம். ஆனால் அந்தத் தொட்டி நீரை வைத்து ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைக்க முடியாது. வெப்பம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். 40 டிகிரியில் இருக்கும் வெப்பம் எவ்வளவு குவிந்து கிடந்தாலும் 41 டிகிரியில் இருக்கும் ஒன்றை அதனால் தானாகச் சூடாக்க முடியாது.

வெப்பத்தை வேலையாக, அதாவது மின்சாரமாக, மாற்ற நினைத்தால் இந்த விதி இன்னும் கடுமையாகிறது. சாதி கார்னோ என்ற இளம் பிரெஞ்சு பொறியாளர் 1824இலேயே இதைக் கண்டுகொண்டார். எவ்வளவு சிறந்த எந்திரம் செய்தாலும், சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு ஓர் உச்சவரம்பைப் போட்டுவிடும். சுற்றுப்புறம் 30 டிகிரி என்று வைத்தால், 1,000 டிகிரி வெப்பத்தில் 76 சதவீதம் வரை வேலையாக மாற்றலாம். 300 டிகிரியில் உச்சவரம்பு 47 சதவீதம். 100 டிகிரியில் 19 சதவீதம்தான். இது இயற்கை போட்ட வரம்பு. நிஜ எந்திரங்கள் இதில் பாதியைத் தொட்டாலே பெரிய விஷயம். 300 டிகிரி புகையிலிருந்து சுமார் 20 சதவீதம், 100 டிகிரி நீரிலிருந்து 7, 8 சதவீதம் மின்சாரம் கிடைத்தால் அந்த ஆலை நன்றாகவே செய்கிறது எனலாம்.

அதனால்தான் 'கழிவு வெப்பத்திலிருந்து மின்சாரம்' என்ற தலைப்பைப் பார்த்தால் நான் கொஞ்சம் நிதானமாகப் படிப்பேன். அது நல்ல காரியம்தான். ஆனால் வரிசையில் அது கடைசி. முதலில் அந்த வெப்பம் உண்டாகாமல் பார்க்க முடியுமா? முடியாவிட்டால் அதே உலைக்குள் திருப்ப முடியுமா? அதுவும் முடியாவிட்டால் பக்கத்தில் வேறு யாருக்காவது வெப்பமாகவே கொடுக்க முடியுமா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொன்ன பிறகுதான் டர்பைனைப் பற்றிப் பேச வேண்டும்.

தந்த வெப்பத்தை உலைக்கே திருப்புவது

1,000 டிகிரியில் புகையை வெளியே விடும் ஓர் உலையை எடுத்துக்கொள்வோம். 100 பங்கு எரிபொருள் போட்டால் ஏறக்குறைய 50 பங்கு உள்ளே பொருளுக்குப் பயன்படும், 50 பங்கு புகையோடு போய்விடும். அந்தப் புகை வழியில் ஒரு வெப்பப் பரிமாற்றியை வைத்து, எரிவதற்குத் தேவையான காற்றை 500 டிகிரிக்குச் சூடாக்கி உள்ளே அனுப்புகிறோம். இப்படித் திரும்பும் வெப்பம் 100 பங்கு எரிபொருளுக்கு 18 பங்கு அளவில் இருக்கும். அப்படியானால் 18 சதவீதம் மிச்சம் என்று சொல்லத் தோன்றும். நிஜத்தில் அதைவிட அதிகம்.

எப்படி என்று பாருங்கள். இப்போது 100 பங்கு எரிபொருள் போட்டால் பயன்படுவது 50 இல்லை, 68. நமக்குத் தேவையோ பழைய 50 பங்குதான். அதற்கு 74 பங்குக்குச் சற்றுக் குறைவான எரிபொருளே போதும். மிச்சம் 26 பங்கு! அந்த 74 பங்கு எரிபொருளோடு திரும்பி வந்த வெப்பமோ 13 பங்குதான். 13 பங்கு வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்ததால் 26 பங்கு எரிபொருள் மிச்சமாகிறது. காரணம் எளிது. எரிக்காமல் விட்ட எரிபொருளுக்குப் புகையும் கிடையாது, அந்தப் புகை தூக்கிக்கொண்டு போகும் வெப்பமும் கிடையாது. உலையின் சூடு கூடக்கூட இந்தப் பெருக்கமும் கூடும். கழிவு வெப்பத்துக்கு முதல் வாடிக்கையாளர் அதைப் பெற்றெடுத்த உலைதான் என்று நான் சொல்வது இதனால்தான். வேறு எங்கே கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்காது.

இரும்புத் தொழிலில் காற்றைச் சூடாக்கும் யோசனை வந்தபோது அதை யாரும் நம்பவில்லை. உலைக்குள் ஊதும் காற்று குளிர்ச்சியாக இருந்தால்தான் நல்லது என்பது இரும்பு உருக்குபவர்களின் அனுபவம். குளிர்காலத்தில் உலை நன்றாக ஓடும், கோடையில் தள்ளாடும். அது கண்ணால் கண்ட உண்மைதான். ஆனால் குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு என்பதுதான் அதற்குக் காரணம், குளிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிளாஸ்கோ நகரின் எரிவாயு ஆலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் போமான்ட் நீல்சன், காற்றைச் சூடாக்கி ஊதும் முறைக்கு 1828இல் காப்புரிமை பெற்றார். கிளைடு இரும்பாலையில் அதைச் சோதித்தார்கள். அதுவரை ஒரு டன் வார்ப்பிரும்புக்கு 8 டன் அளவுக்கு நிலக்கரி ஆகிக்கொண்டிருந்தது. 1830இல் அது சுமார் 5 டன் ஆனது. காற்றின் சூட்டை மேலும் ஏற்றி, கோக் ஆக்காத (காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்காத) நிலக்கரியையே நேரடியாகப் போட முடிந்ததும், 1833இல் இரண்டேகால் டன்னுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நீல்சன் காற்றைச் சூடாக்கத் தனியாக நெருப்பு மூட்டினார். உலையின் வாயிலிருந்து எரியும் வாயு அப்படியே இரவெல்லாம் வானத்தில் எரிந்து போய்க்கொண்டிருந்தது. அந்த வாயுவைப் பிடித்துக் காற்றைச் சூடாக்கப் பயன்படுத்தும் வேலை அடுத்த சில பத்தாண்டுகளில்தான் நடந்தது. 1857இல் எட்வர்ட் கூப்பர் செங்கல் அடுக்கிய உயரமான அடுப்புகளுக்குக் காப்புரிமை பெற்றார். உலை வாயுவை எரித்து முதலில் செங்கலைச் சூடாக்குவது, பிறகு அதே செங்கல் வழியே காற்றை அனுப்பிச் சூட்டை வாங்கிக்கொள்வது. இன்றைக்கும் எந்த ஊது உலைக்குப் பக்கத்திலும் நிற்கும் உருண்டைத் தலை கோபுரங்கள் இந்த அடுப்புகளின் வாரிசுகள்தான்.

செங்கலில் சூட்டைச் சேமித்துத் திரும்ப எடுக்கும் உத்திக்கு மூலம் இன்னும் பழையது. ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1816இலேயே அதற்குக் காப்புரிமை எடுத்திருந்தார். சீமென்ஸ் சகோதரர்களில் ஒருவரான ஃபிரீட்ரிக் 1856இல் அதை உலைகளுக்குக் கொண்டுவந்தார். அது அந்தக் காலத்தில் எத்தனை பெரிய அதிசயமாகப் பட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. மைக்கேல் ஃபாரடே ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் கடைசி வெள்ளிக்கிழமை உரையை 1862இல் நிகழ்த்தினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்த சீமென்ஸ் வாயு உலை.

கண்ணாடித் தொழிலில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. உருகிய கண்ணாடிக் குளத்தின் இரு பக்கமும் இரண்டு செங்கல் அறைகள். உள்ளே செங்கற்களைக் காற்று புகுந்து போகும்படி சல்லடை போல அடுக்கியிருப்பார்கள். இடப்பக்க அறை வழியே காற்று உள்ளே வரும்போது, 1,400 டிகிரிக்கு மேல் இருக்கும் புகை வலப்பக்க அறை வழியே இறங்கி அந்தச் செங்கல்லைப் பழுக்கக் காய்ச்சும். இருபது நிமிடம் ஆனதும் வால்வு திரும்பும். சில நொடிகள் குளத்தின் மேல் சுடரே இருக்காது, உலைக்குள் வெறும் செம்மஞ்சள் ஒளி மட்டும். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து சுடர் பாயும். இப்போது காற்று வலப்பக்கச் செங்கல் வழியே வருகிறது, 1,200 டிகிரி வரை சூடேறி. புகை இடப்பக்கம் இறங்குகிறது. இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி மாறிக்கொண்டே இருக்கும். இந்தச் செங்கல் அறைகள் இல்லாவிட்டால் கண்ணாடி உருகும் சூட்டை எட்டுவதற்கே எரிபொருள் கட்டுப்படியாகாது.

பாய்லர்களில் இதே வேலையை இரண்டு கருவிகள் செய்கின்றன. புகையின் சூட்டை ஊட்டு நீருக்குக் கொடுப்பது எகனாமைசர். எட்வர்ட் கிரீன் 1845இல் காப்புரிமை பெற்றது. காற்றுக்குக் கொடுப்பது ஏர் பிரீஹீட்டர். பெரிய அனல்மின் நிலையங்களில் மெதுவாகச் சுழலும் ராட்சதச் சக்கரம் போன்ற ஒன்றைப் பார்க்கலாம், அதன் தகடுகள் புகைப் பக்கம் சூடேறிக் காற்றுப் பக்கம் சூட்டை இறக்கிவிடும். சுவீடனைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் யுங்ஸ்ட்ரோம் வடிவமைத்தது, 1920இல் முதலில் பொருத்தினார்கள்.

பக்கத்தில் யாருக்குத் தேவை?

சில வேலைகளில் சூட்டைத் திரும்ப அதே இடத்தில் போட முடியாது. அப்போது அடுத்த படிக்கு இறக்கிவிட வேண்டும். இதை முதலில் அழகாகச் செய்து காட்டியவர் நார்பர்ட் ரில்லியூ. நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்து, பாரிஸில் பொறியியல் படித்தவர். கரும்புச் சாற்றை அங்கே திறந்த கொப்பரைகளில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அடிமைகள் நின்றுகொண்டு கொதிக்கும் சாற்றைக் கொப்பரைக்குக் கொப்பரை அகப்பையால் மொண்டு ஊற்றுவார்கள். எழும்பும் ஆவி முழுவதும் கூரைக்குப் போய்விடும். ரில்லியூ 1843இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் கலன்கள் மூடியவை. முதல் கலனில் சாறு கொதித்து எழும்பும் ஆவி, இரண்டாவது கலனுக்கு அடுப்பாகும். இரண்டாவதின் ஆவி மூன்றாவதுக்கு. ஒரே சூட்டில் இருந்தால் இது நடக்காது. அதனால் அடுத்தடுத்த கலனில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே சாறு கொதிக்கும். மூன்று கலன் என்றால் ஒரு கிலோ நீராவியில் கிட்டத்தட்ட மூன்று கிலோ நீரை ஆவியாக்கலாம், நடைமுறையில் கொஞ்சம் குறையும். இன்று காகித ஆலையில் மரக்கூழ் எடுத்தபின் மிஞ்சும் கறுப்புத் திரவம், பால் பவுடர், கடல்நீரைக் குடிநீராக்குதல் எல்லாவற்றிலும் இதே ஏணிதான் இருக்கிறது.

ஒரு ரசாயன ஆலையில் இப்படிக் குழாய்களில் ஓடும் திரவ, வாயு ஓட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்றைச் சூடாக்க வேண்டும், இன்னொன்றைக் குளிர்விக்க வேண்டும். எதை எதோடு கோப்பது? 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கேள்வி கழுத்தை நெரித்தது. போடோ லின்ஹோஃப் 1970களின் இறுதியில் பிரிட்டனில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து இதற்கு ஒரு வழி கண்டார். எந்தச் சூட்டில் எவ்வளவு வெப்பம் என்று காட்டும் வரைபடத்தில், ஆலையின் சூடான ஓட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோடு, குளிர்ந்த ஓட்டங்களுக்கு ஒரு கோடு வரைய வேண்டும். இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் மிக நெருங்கி வரும். அதை பிஞ்ச் என்கிறார்கள், இடுக்கு என்று நாம் சொல்லலாம். இடுக்குக்கு மேலே ஆலைக்கு வெப்பப் பற்றாக்குறை, கீழே வெப்ப உபரி. மேலே இருக்கும் வெப்பத்தை எடுத்துக் கீழே கொடுத்தால், மேலே அதை ஈடுகட்டக் கூடுதல் எரிபொருள் போட வேண்டும், கீழே கூடிப்போன வெப்பத்தைத் தள்ளக் கூடுதல் குளிர்நீர் விட வேண்டும். இரண்டு பக்கமும் நஷ்டம். அதனால் இடுக்கைத் தாண்டி வெப்பத்தைக் கடத்தாதே என்பது முதல் விதி. பார்க்க ஒரு வெப்பப் பரிமாற்றி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும், ஆனால் இடுக்கைத் தாண்டியிருந்தால் அது எரிபொருளைத் தின்றுகொண்டிருக்கும். வரைபடம் போடாமல் இது கண்ணுக்குத் தெரியாது.

ஆலைக்குள் தேவை தீர்ந்துவிட்டால் வேலிக்கு வெளியே பார்க்கலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அவுரூபிஸ் என்ற தாமிர ஆலை இருக்கிறது. தாமிரத் தாதுவில் கந்தகம் உண்டு. உருக்கும்போது அது சல்ஃபர் டை ஆக்சைடாக வெளியேறும், அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்குகிறார்கள். கந்தக அமிலம் செய்யும் ஒவ்வொரு படியும் தானாகவே வெப்பம் விடும் வினை. கந்தகத்திலிருந்து தொடங்கும் அமில ஆலைகள் எரிபொருள் கேட்பதைவிட நீராவி விற்பதே அதிகம். ஹாம்பர்க்கில் அந்த வெப்பத்தை முன்பெல்லாம் எல்பே ஆற்று நீரால் குளிர்வித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 2018 முதல் அதில் ஒரு பகுதியை 90 டிகிரி வெந்நீராகக் குழாயில் அதே நகரின் ஹாஃபன்சிட்டி என்ற வட்டாரத்தின் கிழக்குப் பகுதிக்கு வீடு சூடாக்க அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு 16 கோடி கிலோவாட் மணி வரை. அதனால் ஆண்டுக்கு 20,000 டன் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. இந்த வெப்பத்துக்காக யாரும் தனியாக ஒன்றையும் எரிக்கவில்லை. பிரான்சின் டன்கிர்க் நகரமும் 1986 முதல் எஃகு ஆலையின் வெப்பத்தில் குளிர்காயும் நகரம்தான்.

ஆனால் ஒன்று. வெப்பம் நெடுந்தூரம் போகாது. வீடுகளுக்குக் கோடையில் அது வேண்டியிருக்காது, ஆலை நாளைக்கு மூடப்பட்டால் நகரம் என்ன செய்யும் என்ற கவலையும் உண்டு. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பொருந்தும் சூட்டில் கிடைப்பது கல்யாணப் பொருத்தம் மாதிரி. 80, 90 டிகிரி வெந்நீர் உபரியாக இருந்தால் வெப்பத்தாலேயே ஓடும் லித்தியம் புரோமைடு குளிர்விப்பான் வைத்துக் குளிர்ச்சியாகவும் மாற்றலாம். 40, 50 டிகிரியில் இருந்தால் வெப்ப பம்ப் வைத்து, அதாவது மின்சாரம் கொடுத்து, இன்னும் அதிகச் சூட்டுக்குத் தூக்கலாம். அதிக உயரம் தூக்காத வரை ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு பங்கு வெப்பம் கிடைக்கும்.

இவ்வளவு தூரம் போகாமலே கையெட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறது. ஏர் கம்ப்ரஸர். அது குடிக்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. கம்ப்ரஸரின் எண்ணெயையோ அது அழுத்தும் காற்றையோ குளிர்விக்கும் இடத்தில் தண்ணீரைச் சுற்றவிட்டால் ஆலையின் கழுவும் வேலைக்கும் குளியலறைக்கும் வெந்நீர் தயார். பெரும்பாலான இடங்களில் அந்த அனலை ஒரு மின்விசிறி வைத்து ஜன்னல் வழியே வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, மின்சாரம்

சிமென்ட் ஆலைதான் இதற்கு நல்ல உதாரணம். சூளைக்குள் பொருள் 1,450 டிகிரி வரை சூடாகிறது. வெளியேறும் வாயுவை அப்படியே விடுவதில்லை. சுண்ணாம்புக்கல் தூளை நான்கு, ஐந்து அல்லது ஆறு அடுக்குச் சைக்ளோன்கள் (வாயுவைச் சுழலவிட்டுத் தூளைப் பிரிக்கும் கூம்புக் கலன்கள்) வழியே இறக்கி, எதிரே ஏறும் வாயுவின் சூட்டை வாங்கிக்கொள்ளச் செய்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் வாயு 300, 350 டிகிரியில் வெளியே வரும். சூளையிலிருந்து வரும் கிளிங்கரை (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டிகளை) குளிர்விக்கும் காற்றும் ஏறக்குறைய அந்தச் சூட்டில் மிஞ்சும். ஒரு பகுதி மூலப்பொருளின் ஈரத்தைக் காயவைக்கப் போகும். மீதியில் பாய்லர் வைத்து நீராவி எடுத்து டர்பைனை ஓட்டினால் ஒரு டன் கிளிங்கருக்கு 25 முதல் 45 கிலோவாட் மணி கிடைக்கும். ஒரு டன் சிமென்டுக்கு மொத்தமாக 100 கிலோவாட் மணி அளவில் செலவாவதால், ஆலையின் மின்தேவையில் கால் பங்குக்கு மேல் இதிலேயே வந்துவிடும். ஜப்பான் உதவியோடு 1990களின் இறுதியில் சீனாவின் நிங்குவோ ஆலையில் ஒரு மாதிரி நிலையம் அமைத்தார்கள். அதன்பின் சீனாவின் பெரிய சூளைகளில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது.

சூடு இன்னும் குறைவாக இருந்தால் நீராவி சரிப்படாது. அப்போது பென்டேன் போன்ற, எளிதில் ஆவியாகும் திரவத்தை நீருக்குப் பதிலாகச் சுற்றவிடுவார்கள். ஜெர்மனியின் லெங்ஃபுர்ட் சிமென்ட் ஆலை 1999இல் இதைச் செய்து காட்டியது. கிடைப்பது 10, 15 சதவீதம்தான், ஆனாலும் ஆளில்லாமல் ஓடும் எளிய அமைப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு சூளை ஏராளமான கழிவு வெப்ப மின்சாரம் தருகிறது என்றால் உடனே கைதட்டிவிடக் கூடாது. நான்கு அடுக்குச் சைக்ளோன் உள்ள பழைய சூளை, ஆறு அடுக்கு உள்ள சூளையைவிட அதிக மின்சாரம் தரும். காரணம், அது அதிக வெப்பத்தை வீணாக்குகிறது. நல்ல நிலக்கரியை எரித்து, சூளை வழியே சுற்றி அனுப்பி, 20 சதவீதத் திறனில் மின்சாரம் எடுப்பது மிச்சம் ஆகாது. அதனால்தான் எந்தத் திட்டத்துக்கும் முன்னால் உலையைச் சரி செய்ய வேண்டும். புகையில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்த்து, தேவைக்கு மேல் ஊதும் காற்றைக் குறைப்பது, கதவு இடுக்குகளை அடைப்பது, உதிர்ந்த காப்புறையைப் போர்த்துவது. இவையெல்லாம் முடிந்து மிஞ்சும் வெப்பத்துக்குத்தான் கருவியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஓட்டை உலையை அளந்து வாங்கிய எகனாமைசர், உலை சரியானதும் பெரிதாகிப் போய்விடும்.

குழாய்க்குள் நடக்கும் சண்டை

காகிதத்தில் கணக்கு எளிது. குழாயில் அப்படியில்லை. எரிபொருளில் கந்தகம் இருந்தால் புகையில் கந்தக அமில ஆவி இருக்கும். 120 முதல் 150 டிகிரிக்குள் எங்கோ அது துளித்துளியாக உலோகத்தில் படிந்து அரிக்கத் தொடங்கும். இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புகை 180 டிகிரியில் இருக்கிறது, பயமில்லை என்று நினைப்பார்கள். ஆனால் அமிலம் பார்ப்பது குழாய்ச் சுவரின் சூட்டை. உள்ளே 30 டிகிரித் தண்ணீர் ஓடினால் சுவரும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். பழுதான ஓர் எகனாமைசரைத் திறந்து பார்த்தால் இது பட்டென்று விளங்கும். நீர் வெளியேறும் பக்கத்துக் குழாய்கள் புத்தம் புதிதாக இருக்கும். நீர் நுழையும் பக்கத்து முதல் இரண்டு வரிசைக் குழாய்கள் பச்சையும் மஞ்சளுமாகப் பொருக்குப் பிடித்து, விரலால் தட்டினால் உதிரும். மருந்து என்ன? ஊட்டு நீரை முதலில் சூடாக்கிவிட்டு எகனாமைசருக்கு அனுப்புவது. எதை வைத்துச் சூடாக்குவது? சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கண்டன்சேட்டை வைத்து. ஓர் இடத்து வீண் இன்னோர் இடத்து அரிப்பைத் தடுக்கிறது.

இயற்கை எரிவாயுவில் கந்தகம் கிடையாது என்றே சொல்லலாம். அங்கே புகையை 55 டிகிரிக்கும் கீழே கொண்டுபோனால் அதிலிருக்கும் நீராவியே தண்ணீராகி, தனக்குள் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தையும் கொடுத்துவிடும். வாயுவின் மொத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளக் குளிர்ந்த நீர் ஓட்டம் ஒன்று ஆலையில் இருக்க வேண்டும்.

அப்புறம் தூசி. சிமென்ட் சூளை வாயுவில் தூசி அவ்வளவு இருக்கும் என்பதால் அந்தப் பாய்லர் குழாய்களைச் சுத்தியல் கொண்டு தட்டிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு உண்டு. ஒரு மில்லிமீட்டர் படிவுகூட வெப்பம் கடக்கும் வேகத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். குழாய்கள் வழியை அடைப்பதால் விசிறிக்கு மின்சாரமும் கூடும். அதை மிச்சத்திலிருந்து கழிக்காமல் போடும் கணக்கு பொய்க் கணக்கு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் நடக்கவில்லை? தொழில்நுட்பம் இல்லாததால் இல்லை. வாங்கும் எரிபொருளுக்கு மீட்டர் இருக்கிறது, பில் வருகிறது. புகைபோக்கி வழியே போவதற்கு மீட்டர் இல்லை. உற்பத்திக்கு ஒரு மேலாளர் இருப்பார், தரத்துக்கு ஒருவர் இருப்பார், வெளியேறும் வெப்பத்துக்குப் பொறுப்பானவர் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார். புதிய எந்திரம் வாங்கினால் உற்பத்தி கூடும் என்று பணம் ஒதுக்குவார்கள். அதே பணத்தை மூன்று ஆண்டில் திருப்பித் தரும் வெப்பப் பரிமாற்றிக்கு, ஆலையை ஒரு வாரம் நிறுத்த வேண்டும் என்பதற்காகவே, அனுமதி கிடைக்காது. புகைபோக்கியில் 24 மணி நேரமும் பதிவாகும் ஒரு வெப்பமானியும் ஓர் ஆக்சிஜன் மானியும் வைத்து, அந்த எண்ணை எரிபொருள் பில்லுக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டினால் பேச்சு மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எளிதில் பிடிபடாத வெப்பமும் இருக்கிறது. கோக் அடுப்பிலிருந்து 1,000 டிகிரியில் செக்கச்செவேலென வெளியே தள்ளும் கோக்கின் மேல் டன் கணக்கில் தண்ணீர் ஊற்றி அணைப்பது பழைய முறை. வெள்ளை மேகம் ஒன்று கோபுரத்திலிருந்து எழும்பும், வெப்பம் முழுவதும் அதோடு போகும். இதற்குத் தீர்வு கண்டாகிவிட்டது. மூடிய கலனில் நைட்ரஜனைச் சுற்றவிட்டுக் கோக்கைக் குளிர்வித்து, அந்த நைட்ரஜனால் பாய்லரைச் சூடாக்கினால் ஒரு டன் கோக்குக்கு அரை டன் அளவில் நீராவி கிடைக்கும். சுவிட்சர்லாந்தில் தோன்றி, சோவியத் ஒன்றியத்தில் 1960களில் வளர்ந்து, எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஜப்பானில் பரவிய முறை இது.

கசடுக்கு, அதாவது இரும்பு பிரிந்தபின் மிஞ்சும் உருகிய கழிவுக்கு, இன்னும் அப்படி ஒரு தீர்வு வரவில்லை. ஊது உலையில் ஒவ்வொரு டன் இரும்போடும் 250, 300 கிலோ கசடு 1,500 டிகிரியில் வழிகிறது. ஒரு டன் கசடில் 50, 60 கிலோ நல்ல நிலக்கரிக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. ஆனால் அந்தக் கசடு சிமென்டுக்குப் பயன்பட வேண்டும் என்றால் கண்ணாடி போல இறுக வேண்டும், அதற்குச் சட்டென்று குளிர வேண்டும். வெப்பத்தை வாங்க வேண்டும் என்றாலோ ஆற அமரக் குளிர வேண்டும். போதாததற்கு, மேல்தோல் இறுகியதும் உள்ளே இருக்கும் வெப்பம் எளிதில் வெளியே வராது. அதனால் பெரும்பாலான ஆலைகளில் இப்போதும் அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். சுழலும் தட்டில் ஊற்றிச் சிறு துளிகளாகச் சிதறடித்து, காற்றில் குளிர்வித்து, அந்தக் காற்றின் சூட்டைப் பிடிக்கும் சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. துளி சிறிதாக இருந்தால் நொடியில் இறுகிக் கண்ணாடியாகும், சூட்டையும் காற்றுக்குக் கொடுத்துவிடும் என்பது அதன் கணக்கு.